முகம் பார்க்கும் ஜோடி

டின்னின் மூடியைத் திறக்க மலருக்குக் கை வரவில்லை.

பழைய மார்ஜரின் டின் அது. சாமி மேடையில் விளக்குக்குப் பின்னால் எப்போதும் இருப்பது. உள்ளே பாதியளவு திருநீறு இருக்கும். கூடத்திலிருந்து அத்தை கிருஷ்ணம்மா குரல் கொடுத்தாள்.

"திருநீறு கெடச்சுச்சா இல்லியா? தண்ணி ஊத்தியாச்சு. சேலை கட்டி முடிச்சதும் பூசணும்லா."

"எடுத்துட்டு வரேன் அத்த."

சொன்னாளே தவிர நகரவில்லை. கூடத்தில் படுத்திருப்பது அவளுடைய அம்மா தனலெட்சுமி. ஐம்பத்து மூன்று வயது. நேற்று, திங்கட்கிழமை மதியம், மருத்துவமனையில் இறந்துபோனாள். கூலாய் ஊரில் ஒன்றுபோலவே இருக்கும் வரிசை வீடுகளில் இந்த வீட்டு வாசலில் மட்டும் நீலக் கூடாரம் போட்டிருந்தது. மூன்று மணிக்கு மின்சுடலைக்கு எடுக்கவேண்டும். சாவு வீட்டில் ஆளாளுக்கு ஒரு சட்டம் வைத்திருப்பார்கள். எண்ணெய் முதலில் வைக்க வேண்டுமா சீயக்காய் முதலில் வைக்க வேண்டுமா என்று காலையில் அரைமணி நேரம் பேசித் தீர்த்தார்கள். அப்பா செல்லப்பன் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். அவர் மட்டும் எதிலும் தலையிடாமல் வாசல் நாற்காலியில் உட்கார்ந்து, வந்தவர்களிடமெல்லாம் ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தார். "சாப்ட்டுட்டுதான் வேலைக்குப் போனா. நான் பாத்தேன்."

அந்த டின்னை மலர் தொட்டு ஏழு மாதம் ஆகிறது. அதற்குள் இருந்ததில் ஒரு துளியால்தான் அம்மாவோடு அவளுக்குப் பேச்சு நின்றது.

அம்மாவும் மகளும் ஒரே தொழிற்சாலையில் வேலை. சினாய் விமான நிலையத்துக்குப் பக்கத்தில், பெயர்ப்பலகை சின்னதாகவும் வேலி பெரிதாகவும் இருக்கிற தொழிற்சாலை அது. தனலெட்சுமி அங்கே இருபத்திரண்டு வருடமாக நுண்ணோக்கிக்கு முன்னால் உட்கார்ந்து, முடியைவிட மெல்லிய தங்கக் கம்பியை ஒட்டிக்கொண்டிருந்தவள். தொலைபேசிக்கு ஒட்டினாள், வானொலிக்கு ஒட்டினாள். கடைசி மூன்று வருடமாக ராடாருக்கு. மலர் ஸ்கூடாய் பல்கலைக்கழகத்தில் படித்து முடித்து, அதே ராடார் பிரிவுக்கு இஞ்சினியராக வந்து சேர்ந்தாள். மகள் வெள்ளை அட்டையும் அம்மா நீல அட்டையும் மாட்டிக்கொண்டு ஒரே மைவி காரில் போய் இறங்குவார்கள்.

ராணுவ விமானத்தின் வயிற்றில் பொருத்தி, மேலிருந்து கடலைக் கண்காணிக்கிற ராடார் அது. எந்த நாட்டு விமானத்துக்கு என்று யாரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவுமில்லை. ஒரு ராடாருக்குச் சிகரெட் லைட்டர் அளவில் அறுநூறு சின்னப் பெட்டிகள். ஒவ்வொன்றும் அலையை அனுப்பி, எதிரொலியை வாங்கும். அம்மா ஒருநாள் காரில் கேட்டாள்.

"அது மேல இருந்துகிட்டு என்னதான்மா பாக்கும்?"

"கடல்ல என்ன இருக்கோ எல்லாத்தையும்."

"பொந்தியான் பக்கம் மீன் பிடிக்கிற சம்பான் படகுகூடவா?"

"அதுகூடத் தெரியணும்மா. தெரியலன்னா நம்ம தப்பு."

அம்மா தன் விரல் நுனிகளைப் பார்த்துக்கொண்டாள். பிறகு, "அப்ப நல்லா ஒட்டணும்" என்றாள்.

அந்த அறைக்குள் தூசி ஆகாது. முகப் பவுடர், பூ, குங்குமம், திருநீறு எதற்கும் இடமில்லை. தலை, வாய், கை எல்லாவற்றையும் மூடிக்கொண்டு, கண்ணும் புருவமும் மட்டும் தெரிய, அதற்கும் மேலே தூசி புகாத கண்ணாடி போட்டுக்கொண்டுதான் போகவேண்டும். போவதற்குமுன் கம்பி ஒட்டுகிற ஆபரேட்டர்கள் இரண்டிரண்டு பேராக எதிரெதிரே நின்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவேண்டும். ஏதாவது ஒட்டியிருந்தால் துடைத்துவிட வேண்டும். இதற்கு ஜோடி பார்ப்பது என்று பெயர். இஞ்சினியர்களுக்கு இந்த விதி கிடையாது. படித்தவர்கள் தங்கள் முகத்தைத் தாங்களே பார்த்துக்கொள்வார்கள் என்று கம்பெனி நினைத்தது.

மார்ச் மாதம் சோதனைப் பறப்பு. பதினைந்தாயிரம் அடியில் ராடார் நன்றாகத்தான் வேலை செய்தது. இரண்டாம் மணி நேரத்தில் திரையில் குறுக்கே ஒரு கறுப்புப் பட்டை விழுந்தது. சோதனைக்காகக் கடலில் ஓடவிட்ட சின்னப் படகு அந்தப் பட்டைக்குள் நுழைந்து காணாமல் போய், நாலு நிமிடம் கழித்து மறுபக்கம் வந்தது. அந்த நாலு நிமிடத்துக்காகத்தான் விமானத்தை வாங்குகிறவன் காசு கொடுக்கிறான். இறக்கிப் பார்த்ததில் ஒரு பெட்டி செத்து, தன்னோடு சேர்ந்த வரிசையையே சாகடித்திருந்தது. பெட்டியைத் திறந்தபோது இரண்டு கம்பிகளுக்கு நடுவில், ஈரத்தை உறிஞ்சி ஊறிப்போய், கண்ணுக்குத் தெரியாத ஒரு துகள் உட்கார்ந்திருந்தது. ஆய்வு முடிவு வந்தது. சுண்ணாம்புச் சத்து, பொட்டாசியம், மணல் சத்து, கொஞ்சம் கரி. வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் சிமெண்டா, எலும்பா என்று மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டார்கள்.

மலருக்குப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. மாட்டுச் சாணம் எரிந்த சாம்பல். அம்மாவின் வேலை வரிசையில் மற்ற பெண்கள் மலாய்க்காரர்கள், நேப்பாளத்துப் பெண்கள், மியன்மார்ப் பெண்கள், ஒரு தமிழ் முஸ்லிம். வீட்டில் திருநீறு வைத்திருப்பவள் ஒருத்திதான்.

சாயங்காலம் அம்மா சமையலறையில் பயத்தங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். மலர் வாசல்படியிலேயே நின்று, திருநீறு எப்படி உள்ளே வந்தது என்று கேட்டாள். கத்தி நின்றது. அம்மா தலையைத் தூக்கி மகளின் முகத்தைப் பார்த்தாள். ஏதோ அழுக்கு இருப்பதுபோல ரொம்ப நேரம் பார்த்தாள்.

"நான்தான். கோயிலுக்குப் போயிட்டு அப்படியே வேலைக்கு வந்துட்டேன். கழுவ மறந்துட்டேன்."

"இருவத்தி ரெண்டு வருஷமா வேலை செய்றீங்க. நேத்து வந்த நேப்பாளப் பொண்ணுக்குத் தெரியுது, உங்களுக்குத் தெரியலியா? மேல பறக்கிறவங்க உசுரும்மா அது."

"தெரியும்மா."

"என்ன தெரியும்? நாளைக்கு மீட்டிங்ல எல்லாரு முன்னாடியும் நான் என்னான்னு சொல்றது? எங்கம்மான்னா?"

"நம்பரச் சொல்லு. அது போதும்" என்றாள் அம்மா. மறுபடி பயத்தங்காயை எடுத்துக்கொண்டாள்.

மலர் அம்மாவின் ஆபரேட்டர் நம்பரைச் சொன்னாள். 0417. அறிக்கையில் தன் கையாலேயே தட்டினாள். நேர்மையாக நடந்துகொண்டோம் என்று அன்றைக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது, அதை இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது. அம்மாவை நுண்ணோக்கியிலிருந்து எடுத்து, அட்டைப்பெட்டி மடிக்கிற பிரிவுக்கு அனுப்பினார்கள். மலருக்கு அவமானம். ஷிப்ட் மாறிவிட்டது என்று சாக்குச் சொல்லிக் காரில் தனியாகப் போக ஆரம்பித்தாள். அம்மா ஒன்றும் கேட்காமல் கம்பெனி பஸ்ஸில் போனாள். வீட்டில் "சாப்பாடு இருக்கு", "சாவி எங்க" என்ற அளவில் பேச்சு ஓடியது.

நேற்றுக் காலை பத்து மணிக்கு அம்மா அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் விழுந்தாள். மலர் தூசியில்லா அறைக்குள் இருந்தாள். போன் வழக்கம்போல வெளியே லாக்கரில். அவள் மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தபோது அம்மாவுக்கு வலது பக்கம் முழுக்க விழுந்து, பேச்சும் போயிருந்தது. கண் மட்டும் மகளைத் தேடிப் பிடித்தது. இடது கையைக் கஷ்டப்பட்டுத் தூக்கி, கட்டைவிரலால் மலரின் புருவத்தை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குத் தடவினாள். திரும்பவும் தடவினாள். ஆசீர்வாதம் பண்ணுகிறாள் என்றார் அப்பா. மலரும் அப்படித்தான் நினைத்தாள்.

"மலரு, உங்க மேனேஜர் வந்திருக்காரு" என்று அப்பா வாசலிலிருந்து கூப்பிட்டார்.

அவள் டின்னைக் கையில் வைத்துக்கொண்டே வெளியே வந்தாள். குணாளன் மாலையை அப்பாவிடம் கொடுத்துவிட்டு, கூடாரத்துத் தூணுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். நல்ல மனிதர். கெலாங் பாத்தாவிலிருந்து வேலை நாளில் இத்தனை தூரம் வந்திருக்கிறார். ஆனாலும் அவருக்கு வேலையைப் பேசாமல் பத்து நிமிடம் நிற்க வராது.

"ரொம்ப வருத்தமா இருக்கு மலர். நல்ல கை அவங்களுக்கு. அந்த லைன்ல அந்த மாதிரிக் கை இல்ல."

"ம்."

"இப்ப சொல்லக்கூடாதுதான். அடுத்த வாரம் விமானம் வாங்கறவங்க வராங்க. ரெண்டாவது விமானத்துக்கு, பறக்கிறப்ப உள்ள உக்காந்து பாக்க, உன்னத்தான் கேக்கறாங்க. அதுக்கு முன்னாடி மார்ச் மாச ரிப்போர்ட்ட மூடணும். உன் கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி." குரலை இறக்கினார். "அம்மா இனிமே இல்ல. அந்த நம்பர் இருந்தாலும் இனி யாருக்கும் நஷ்டமில்ல. தாப்பாலா, பரவால்ல, அவசரமில்ல, காரியம் முடிச்சிட்டு வா."

மலர் தலையாட்டினாள். மூன்று வருடமாக அவள் ஆசைப்பட்ட இடம் அந்த விமானத்துக்குள் இருக்கிற நாற்காலி. இந்த ராடாருக்கு எழுதிய கணக்கில் பாதி அவளுடையது. அது பார்ப்பதை ஒருமுறை மேலே இருந்து பார்க்க வேண்டும் என்று எத்தனையோ நாள் அம்மாவிடமே சொல்லியிருக்கிறாள்.

குணாளன் அப்பாவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். மலர் திரும்பும்போது கடைசி நாற்காலியில் சபீதா உட்கார்ந்திருந்தாள். அம்மாவுக்குப் பக்கத்து நுண்ணோக்கி அவளுடையது. இருபத்திரண்டு வருடமும் அம்மாவோடு ஜோடி பார்த்தவள். வெள்ளை முக்காட்டின் நுனி முழுக்க நனைந்திருந்தது. அவள் மலரின் கையிலிருந்த டின்னைப் பார்த்தாள்.

"அது என்னது, துண்ணூறா?"

"ஆமா ஆன்ட்டி. அத்த கேட்டாங்க."

"நல்லாப் பூசி விடு. இன்னிக்காவது பூசிக்கட்டும். வேலை நாள்ல அவ நெத்தியில நான் அதப் பாத்ததே இல்ல."

சொல்லிவிட்டு சபீதா சட்டென்று வாயை மூடிக்கொண்டாள். மலர் அங்கேயே நின்றாள்.

"பூசிட்டு வந்ததாலதான ஆன்ட்டி இவ்வளவும் நடந்துச்சு."

சபீதா பக்கத்து நாற்காலியிலிருந்த தண்ணீர் போத்தலை எடுத்துக் கீழே வைத்து, "உக்காரு" என்றாள். மலர் உட்கார்ந்தாள்.

"சத்தியம் வாங்கிட்டா எங்கிட்ட. வாங்கினவ போயிட்டா. இனிமே நான் யாருக்குப் பயப்படணும்? மலரு, தினமும் அவ மூஞ்சியப் பாத்து உள்ள அனுப்புனவ நான். என் கண்ணுக்குத் தப்பி ஒரு மண்ணும் உள்ள போவாது. தைப்பூசத்தன்னிக்கு விடிகாலையில கோயிலுக்குப் போயிட்டு வருவா, ஆனா கேட்டுக்குப் பக்கத்துல இருக்கிற பைப்புல மூணு தடவ கழுவிட்டுதான் எம்முன்னாடி வந்து நிப்பா. அவளாவது பூசிட்டு வரதாவது."

"அப்புறம் ஏன் நான்தான்னு சொன்னாங்க?"

"ஜனவரில ஒரு நாளு, நீயே நின்னு மொத மொதல்ல மூடி போட்டியே, நெனவிருக்கா?"

எப்படி மறக்கும். பெட்டிகளுக்கு மூடி போட்டு அடைக்கிற முதல் நாள். அடைப்பதற்குமுன் ஒவ்வொன்றையும் இஞ்சினியர் கடைசியாக ஒருமுறை பார்க்கவேண்டும். முந்தின இரவு பயத்தில் தூக்கம் வராமல், விடியப்போகும்போது கண்ணயர்ந்து, எழுந்ததே லேட்.

"நீ ராத்திரியெல்லாம் பொரண்டு பொரண்டு படுத்தியாம். அவளுக்கு மனசு கேக்கல. நீ தூங்கறப்ப நெத்தியில பூசி விட்டாளாம். எழுந்து குளிப்பா, போயிரும்னு நெனச்சிருக்கா. அந்த வாரம் அவளுக்கு மத்தியான ஷிப்ட். எழுப்பி விட்டுட்டுக் கடைக்குப் போயிட்டா, நீ கெளம்பறதப் பாக்கல. மார்ச்சுல நீ வந்து கேட்டப்பதான் அவளுக்கு வெளங்கியிருக்கு. மறுநாளு எங்கிட்ட வந்து அழுதா. எம்புள்ளைக்கு நானே வெனையா வந்துட்டேன் சபீதான்னு சொல்லி அழுதா."

 அன்று மலர் குளிக்கவில்லை. ஈரத் துணியால் கன்னத்தையும் வாயையும் துடைத்துக்கொண்டு ஓடினாள். சாயங்காலம் வந்து படுத்தபோது தலையணை உறையில் வெள்ளையாக ஏதோ இருந்தது, பவுடர் என்று நினைத்துத் தட்டிவிட்டாள். அதைவிட முக்கியம் இன்னொன்று. நுண்ணோக்கியில் கண்ணை வைத்துப் பார்க்கக் கண்ணாடி இடித்தது. கழற்றி நெற்றிக்கு மேலே தள்ளிவிட்டு, வெறும் கண்ணும் புருவமுமாக, திறந்து கிடந்த பெட்டிகள் ஒவ்வொன்றின்மேலும் குனிந்து குனிந்து பார்த்தாள். இஞ்சினியர்கள் எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள்.

"சொல்லிடு தனம், புள்ள புரிஞ்சிக்குவான்னு நான் சொன்னேன்" என்றாள் சபீதா. "ஆபரேட்டர் தப்புன்னா அட்டைப்பெட்டிதான், இஞ்சினியர் தப்புன்னா எம்புள்ளய ஏரோப்ளேன்கிட்டயே விடமாட்டாங்கன்னுட்டா. நீ அவள கார்ல ஏத்தாம விட்டியே..."

"ஏழு மாசம் ஆன்ட்டி."

"தெரியும்."

"ஏழு மாசம் நான் அவங்க மூஞ்சியப் பாக்கல."

சபீதா அவள் முதுகில் கை வைத்தாள். அழுகை வரும் என்று மலர் காத்திருந்தாள். வரவில்லை.  கட்டைவிரல் புருவத்தில் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குப் போனது நினைவுக்கு வந்தது. அம்மா ஆசீர்வாதம் பண்ணவில்லை. துடைத்துவிட்டிருக்கிறாள்.

"மலரு, நேரம் போவுது" என்று அத்தை வாசலுக்கே வந்துவிட்டாள்.

கூடத்தில் அம்மாவுக்கு அரக்குச் சேலை கட்டியிருந்தார்கள். முகத்தில் மஞ்சள். அத்தை டின்னை வாங்கக் கை நீட்டினாள். மலர் கொடுக்கவில்லை.

"நான் பூசறேன் அத்த."

"பூசு. பெத்த பொண்ணு பூசுனா இன்னும் நல்லது."

மூடி இறுகியிருந்தது, நகத்தால் நெம்பித் திறந்தாள். மூன்று விரலால் அள்ளி அம்மாவின் நெற்றியில் இழுத்தாள். கோடு சரியாக விழவில்லை. மறுபடி அள்ளி இழுத்தாள். மஞ்சள் தெரியாமல் வெள்ளை படிந்தது. புருவம்வரை இறங்கியது.

"போதும்மா, குங்குமம் வெக்க எடம் வேணாமா?" என்றாள் அத்தை.

"இருக்கட்டும் அத்த. இன்னிக்குச் செவ்வாக்கெழம. வேலை நாளு."

அத்தைக்குப் புரியவில்லை. சாவு வீட்டில் பிள்ளைகள் பேசுவதையெல்லாம் கேட்கக்கூடாது என்று விட்டுவிட்டாள்.

பெட்டியில் இறக்குவதற்கு ஆட்கள் வந்தார்கள். மலர் வெளியே போனாள். குணாளன் கார்ச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு விடைபெறப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், அந்த ரிப்போர்ட்ட மூடாதீங்க. நம்பர் தப்பு."

"எந்த நம்பர்?"

"ஆபரேட்டர் நம்பர். அது எங்கம்மா இல்ல. என் நம்பரு. ரெண்டு ரெண்டு ஆறு மூணு."

அவர் அப்பாவைத் திரும்பிப் பார்த்தார். அவளைத் தூணுக்கு அந்தப் பக்கம் அழைத்துப் போனார். "துக்கத்துல இருக்க. இப்ப எதுவும் பேசாத."

"மூடி போட்ட அன்னிக்கு நான் மூஞ்சி ஒழுங்காக் கழுவல சார். நெத்தியில திருநீறு இருந்துச்சு. கண்ணாடியக் கழட்டிட்டுதான் பாத்தேன். எழுதிக் கொடுக்கறேன்."

"எழுதிக் கொடுத்தா என்ன ஆகும்னு தெரியும்ல? உன்ன அந்த விமானத்துக்கிட்டயே விடமாட்டாங்க. அம்மாவே இல்லாதப்ப யாருக்காக இது?"

மலர் டின்னின் மூடியை அழுத்தி மூடினாள். 

"இன்னொன்னும் எழுதணும் சார். இனிமே இஞ்சினியருக்கும் ஜோடி வேணும். ஆபரேட்டர் யாராச்சும் மூஞ்சியப் பாத்து அனுப்பணும்."

குணாளன் சாவியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். "காரியம் முடிச்சிட்டு வா. பேசுவோம்" என்றார்.

"பேசறதுக்கு ஒண்ணும் இல்ல சார். நம்பர மாத்திருங்க."

இரண்டே முக்காலுக்கு உறவுக்காரர்கள் ஒவ்வொருவராக வாய்க்கரிசி போட்டார்கள். அப்பா போட்ட அரிசி கன்னத்தில் சிந்தியது. அதை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்துவிட்டுத்தான் நகர்ந்தார். கடைசியாகப் பாத்துக்குங்க என்று பெட்டிக்காரர் சொன்னபோது மலர் குனிந்தாள். நெற்றியை அம்மாவின் நெற்றியில் வைத்தாள். குளிர்ந்திருந்தது. "அம்மா" என்று மட்டும் சொன்னாள். அதற்கு மேல் சொல்ல ஏழு மாதம் இருந்தது. அத்தைதான் தோளைப் பிடித்துத் தூக்கினாள். மூடி வைத்துத் திருகாணி முடுக்கினார்கள்.

பெண்கள் சுடலைக்கு வரக்கூடாது என்பது அத்தையின் சட்டம். இன்று அதை யாரும் எதிர்க்கவில்லை. வண்டி தாமான் குடியிருப்புச் சாலையில் மெதுவாகப் போய், முனையில் இருக்கிற சீனன் கடை வளைவில் திரும்பியது. செம்பனைத் தோட்டத்துப் பக்கம் இருட்டிக்கொண்டு மழை வரப் பார்த்தது. சினாயிலிருந்து கிளம்பிய விமானம் ஒன்று மேகத்துக்குள் போனது. மலர் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். டின் இன்னும் கையில் இருந்தது.

சபீதா பக்கத்தில் வந்தாள்.

"உள்ள வா மலரு. ஒரு வாய் தண்ணியாச்சும் குடி."

மலர் திரும்பினாள். சபீதாவின் கண் அவள் முகத்தில் நின்றது. வலது புருவத்தில் அம்மாவின் நெற்றித் திருநீறு வெள்ளையாக ஒட்டியிருந்தது. இருபத்திரண்டு வருடப் பழக்கம், சபீதாவின் கட்டைவிரல் தானாக மேலே எழும்பியது. மலர் முகத்தை நகர்த்தாமல் நின்றாள்.

விரல் புருவத்துக்கு அரையங்குலம் தள்ளி நின்றது. பிறகு சபீதா கையை இறக்கிக்கொண்டாள்.